ஸ்பெக்ட்ரம்: கேசட்டில் ஏறிய கணினி

பிரிட்டனின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு. 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. திரைக்கு வீட்டு டிவி, சேமிப்புக்குச் சாதாரண டேப் ரெக்கார்டர். இருப்பதை வைத்தே வேலை நடந்ததால் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது.

ரப்பர் விசைகள் 40 மட்டுமே. 'ஜே' விசையைத் தட்டினால் 'லோடு' என்ற கட்டளை முழுதாகத் திரையில் வந்து விழும். இரண்டு மேற்கோள் குறிகளை இட்டு கேசட்டை ஓடவிட வேண்டும். முதலில் நீண்ட ஒரே சுருதி. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள். பிறகு காதைத் துளைக்கும் கீச்சொலி. பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறும். முகப்புப் படம் கோடு கோடாக முதலில் ஒரே நிறத்தில் எழும்பும். வண்ணம் கடைசியில்தான் படியும். பெரிய விளையாட்டு ஒன்று ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். முடியும் தறுவாயில் பிழைச்செய்தி வந்தால், நாடாவைச் சுற்றி, ஒலியளவைத் திருத்தி, மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

நினைவகத்தை மிச்சப்படுத்த, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே நிறங்கள் அனுமதிக்கப்பட்டன. அதனால் ஓடும் உருவத்தின் நிறம் பின்னணியிலும் அப்பிக்கொள்ளும். 1984இல் வந்த 'நைட் லோர்' விளையாட்டு, காட்சியை ஒரே நிறத்தில் வரைந்து இக்குறையைத் தாண்டியது. அதன் முப்பரிமாணத் தோற்றம் பலரையும் வியக்கவைத்தது.

மின்சாரம் கொடுத்ததும் பேசிக் மொழியில் நிரல் எழுதக் கணினி தயாராக நிற்கும். இதழ்களில் அச்சான நிரல்களைப் பிள்ளைகள் வரி வரியாகத் தட்டெழுதினார்கள். பிழை தேடித் திருத்தியபோதே நிரலாக்கமும் கைவந்தது. தனி ஒருவரே முழு விளையாட்டையும் உருவாக்க முடிந்த காலம் அது. மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் 1983இல் எழுதிய 'மேனிக் மைனர்' அதற்குச் சான்று. தன் கையால் இயந்திரத்தைப் பணியவைத்த அந்த மகிழ்ச்சியே அக்கணினி மீது இன்றும் பலருக்கு உள்ள ஏக்கத்தின் வேர்.

1986இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கியது. 1992இல் ஸ்பெக்ட்ரம் உற்பத்தி நின்றது. கேசட் நாடாவில் காந்தப் பதிவு நாளடைவில் தேய்வதால், ஆர்வலர்கள் பழைய விளையாட்டுகளைக் கோப்புகளாக மாற்றிக் காத்துவருகிறார்கள். பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் அவற்றை இன்றைய கணினியில் ஓட்டுகின்றன. விளையாட்டை நொடியில் ஏற்றவும் இந்த மென்பொருள்களால் முடியும். விரும்புவோருக்காக அந்த வண்ணப் பட்டைகளையும் கீச்சொலியையும் அப்படியே காட்டவும் முடியும்.