மூத்தவன் யாருக்கிட்ட?

கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குப் போனால் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இரத்த அமுக்கம் எப்படி, கால் வீங்கியிருக்கிறதா, கண் மடலின் உள்பக்கம் வெளிறியிருக்கிறதா, குளிசைகளை ஒழுங்காக விழுங்குகிறாளா, வயிறு மாதத்துக்கேற்ற அளவில் இருக்கிறதா. தலைப்பிள்ளைக்காரியின் வீட்டில் இவ்வளவும் போதும். இரண்டாவதைச் சுமக்கிறவளின் வீட்டில், கடப்படியில் செருப்பைக் கழற்றும்போதே நான் வேறொன்று கேட்பேன்: "மூத்தவன் யாருக்கிட்ட?"

வரும் பதிலிலேயே பாதி விளங்கிவிடும். "உம்மா வெச்சிரிக்கா மிஸ்" என்றால் அவள் பகலில் கொஞ்ச நேரமாவது சரிந்து படுத்திருப்பாள். "இஞ்சதான், என்ட இடுப்புல" என்றால் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாள், குளிசையையும் மறந்திருப்பாள். முதல் வயிற்றில் பெண்ணைக் காப்பாற்றுவது அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது. இரண்டாவது வயிற்றில் அவளைக் காப்பாற்றுவது, முதல் பிள்ளையை யார் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பது. வேலை செய்த காலம் முழுக்க நான் கண்டது இதுதான்.

ஓய்வு பெற்று வரிப்பத்தான்சேனையில் வீட்டோடு இருக்கும் எனக்கு, இப்போது அந்தக் கேள்விக்குரிய பதில் நானேதான். மகளுக்கு ஏழாம் மாதம். மூத்தவனுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து நான் பாயைச் சுருட்டும்போதே எழும்பி வந்துவிடுவான்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவில் பின்பக்கமாகச் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர், இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையோடும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தோடும் வாழ்வதைப் பற்றி 2008இல் பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார். அந்த வீட்டைக் கட்டுவதற்காகக் கடன்பட்டு உடைந்துபோன வாப்பாமாரை எனக்குத் தெரியும். அது அநியாயம், மாற வேண்டியது. ஆனாலும் பிள்ளை பெறுகிறவளின் பக்கத்தில் அவளுடைய உம்மா இருப்பதும், வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி இருப்பதும் இந்த வழக்கத்தால் கிடைத்த பெரிய நிஃமத். வீட்டுக் கடன் ஒழியட்டும், இந்த அண்மை ஒழியக் கூடாது.

இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்து அடுத்தது தரிப்பது நல்லது. 18 மாதத்துக்குள் தரித்தால் குறைமாதத்தில் பிறப்பதும் நிறை குறைந்து பிறப்பதும் கூடுதல். காரணம் எளியது. வயிற்றில் வளர்ந்த பிள்ளையும் பேறுகால இரத்தப்போக்கும் தாயின் உடம்பிலிருந்த இரும்புச்சத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கும். அது மீண்டும் சேர நாள் வேண்டும். என் மகளுக்கு அந்த 18 மாதம் ஆகுமுன்பே தரித்துவிட்டது. அல்லாஹ் தந்தது, தலைமேல். கவனம் மட்டும் இரட்டிப்பாக வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் இரத்தச்சோகை என்று எடுப்போம். இரும்புக் குளிசையை விழுங்கிய கையோடு பிளேன்டி குடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். கிளினிக்கில் கூடவே தரும் விற்றமின் சீ குளிசையோடு விழுங்கினால் இரும்பு நன்றாகச் சேரும். கல்சியத்தை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த இரும்புக் குளிசை ஆபத்தான சாமான். நிறமாக இருப்பதால் பிள்ளை இனிப்பு என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும். நாலைந்தை விழுங்கினாலே உயிருக்கு மோசமாகலாம். தலையணைக்கடியிலும் யன்னல் விளிம்பிலும் வைத்துவிட்டு உறங்குகிற தாய்மாரை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது அலுமாரிக்கு மேலே, பின்பக்கச் சுவரோடு இருக்கிறது. இரவில் நான்தான் எட்டி எடுத்துக் கொடுக்கிறேன்.

திரிபோஷாவுக்கு வருவோம். 1973இலிருந்து இந்த நாட்டுத் தாய்மாருக்கு இலவசமாகக் கிடைக்கிற மா. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது. மகள் காலையில் கோப்பையில் அதைக் கொட்டி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, சுடுதண்ணி தெளித்துப் பிசைவாள். உருண்டை பிடிக்கிற சத்தம் எப்படித்தான் கேட்குமோ, மூத்தவன் எங்கே நின்றாலும் ஓடி வருவான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறப்பான். முதல் உருண்டை அவனுக்கு. மென்று முடியுமுன்னே மறுபடி வாய் திறக்கும், இரண்டாவதும் அவனுக்கு. கோப்பையை வழித்து எடுத்த கடைசி உருண்டைதான் அவளுக்கு. எந்தத் தாய்க்குத்தான் கை வரும், பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது தான் தின்ன? "பசியில்ல உம்மா" என்பாள். அந்த மா வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அதனால் இப்போது ஒழுங்கை மாற்றிவிட்டோம். முதலில் நான் அவனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, முட்டையும் சோறும் பிசைந்து வயிறு நிறையக் கொடுப்பேன். அவன் ஏப்பம் விட்ட பிறகுதான் உம்மாவின் கோப்பை வெளியே வரும். அப்போதும் வருவான், ஒரு விரல் அளவு கொடுத்தால் போதும், போய்விடுவான்.

பால் குடிப்பது பெரிய வழக்கு. ஆறாவது மாதத்தில் ஒருநாள் அயல் வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "என்னகா மகள், வயித்துல ஒண்டு, மடியில ஒண்டு, இன்னுமா குடுக்காய்? அந்தப் பால் இவனுக்குக் கூடாதுகா, சவலையாப் போவான்" என்றா. மகள் முகம் செத்துப்போயிற்று. இந்தப் பயத்தில் ஒரே நாளில் வேப்பெண்ணெயைத் தடவி மறக்கடித்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். பிள்ளை இரண்டு மூன்று இரவு அலறும், தாய் மார்பு கட்டி அழுவாள்.

மாமி சொன்னதில் ஒரு பாதி உண்மை உண்டு. அடுத்தது தரித்ததும் மூத்தது மெலிந்துபோவதை நம்முடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். 1930களில் ஆபிரிக்காவின் பொற்கரையில், இன்றைய கானாவில், வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியரும் இதையேதான் கண்டு எழுதினார். தம்பி தங்கை வந்ததும் தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைகள் உடம்பு ஊதி, தோல் உரிந்து, கிடையில் விழுந்தன. அவர் தேடிக் கண்டுபிடித்த காரணம் தாய்ப்பால் கெட்டுப்போனது அல்ல. பாலுக்குப் பதிலாக வெறும் சோளக் கஞ்சியைக் கொடுத்தார்கள், அதில் புரதம் போதவில்லை. பிள்ளையை மெலிய வைப்பது பால் நின்ற இடத்தை நல்ல சாப்பாட்டால் நிரப்பாதது. சுகமாக இருக்கிற கர்ப்பிணி மூத்ததுக்குப் பால் கொடுப்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் கேடில்லை. முன்னர் குறைமாதத்தில் பெற்றவளும், இந்த முறை இரத்தக் கசிவோ வயிற்று இறுக்கமோ இருக்கிறவளும் மட்டும் வைத்தியரிடம் கேட்டு நடக்க வேண்டும். கர்ப்பத்தில் பாதிக் காலம் தாண்டினால் பால் தானாகக் குறையும், ருசியும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாங்களாகவே விட்டுவிடுவார்கள். குர்ஆன் சூரா பகராவில் பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புகிறவர்களுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. பெற்றோர் இருவரும் கலந்து பேசி, பொருந்தி, அதற்கு முன்னர் நிறுத்தினாலும் குற்றமில்லை என்று அதே வசனம் சொல்கிறது. மாமியை நான் கோபிக்கவில்லை. உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து இவ்வளவையும் சொன்னேன். மறுநாள் குளத்து விரால் இரண்டோடு வந்தா, "இவனுக்கு ஆக்கிக் குடு" என்று. இறக்காமம் குளம் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குப் புரதத்துக்கு என்ன குறை!

இப்போது பகல் உறக்கத்துக்கு முன் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை என்று குறைத்திருக்கிறோம். பகலில் கேட்டால் நான் தயிர்ச் சட்டியைக் காட்டுவேன்.

ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிற தாய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயிற்றிலிருப்பது துடிக்கிறதா என்று அவளுக்கே தெரியாமல் போகும். முதல் பிள்ளைக்கு ஒவ்வொரு துடிப்பையும் எண்ணியவள்தான். இரண்டாவதில் மஃரிபாகும்போது, "இண்டைக்கு ஆடினதா ஆடல்லியா, நினைவில்ல உம்மா" என்பாள். 28 கிழமைக்குப் பிறகு பிள்ளையின் அசைவைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். 12 மணித்தியாலத்துக்குள் 10 அசைவு வரவேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்கு அவள் சும்மா இருக்க வேண்டுமே! அசருக்குப் பிறகு நான் மூத்தவனைக் குளக்கட்டுப் பக்கம் கூட்டிப் போய்விடுவேன். கொக்கையும் மாட்டையும் பார்த்தால் அவனுக்கு உலகமே மறந்துபோகும். மகள் இடப்பக்கம் சரிந்து படுத்து எண்ணுவாள்.

மருமகன் வெள்ளாமைக்காரர். பெரும்போக வெட்டுக் காலத்தில் வட்டையிலேயே வாடியில் கிடப்பு, இரவில் யானைக் காவல் வேறு. இந்த முறை வெட்டும் நோன்பும் ஒன்றாக வந்தன. கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிறவளுக்கும் நோன்பில் சலுகை உண்டு, பிறகு பிடித்துக்கொள்ளலாம். அதை அவளுக்கு எடுத்துச் சொன்னதே மருமகன்தான். சில வீடுகளில் ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள், பெண் வெட்கத்தில் மயங்கி விழும்வரை பிடிப்பாள். வட்டையிலிருந்து வந்தால் குளித்து, சாரனை மாற்றி, பிள்ளையை வாங்கிக்கொள்வார். குளிப்பாட்டுவதும் உறங்க வைப்பதும் இப்போது அவர் வேலை. பிறந்த பிறகு தொடங்கினால் மூத்தவன் ஏற்கமாட்டான், உம்மாவைத்தான் கேட்டு அழுவான். இப்போதே பழகினால் வாப்பாவின் கைச்சூடும் அவனுக்கு உறக்கம் வரும் இடமாகிவிடும். "மாமி, இவன் எனக்கிட்ட உறங்கிட்டான்" என்று அவர் வந்து சொன்ன இரவில் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்!

எல்லா வீட்டிலும் உம்மம்மா இல்லை. எங்கள் கரையில் எத்தனையோ உம்மாமார் சவூதியிலும் குவைத்திலும் வேறொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், கணவர் கட்டாரில் இருப்பார். இங்கே அவர்களுடைய மகள் ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறுகையில் பிள்ளையுமாக வெயிலில் நிற்பாள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் வீட்டு வாசல்வரை மருத்துவமாதுவை அனுப்பி வைத்தது. 1930களில் இந்த நாட்டில் 100,000 பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளில் நிற்கிறது. இவ்வளவையும் சாதித்த சேவையில் நான் வேலை செய்தேன் என்பது என் வாழ்க்கையின் பெருமை. அந்த உரிமையோடு கேட்கிறேன். தாய்மார் கிளினிக் நடக்கும் இடங்களில் மூத்த பிள்ளைகளுக்கு ஒரு பாயும், நிழலும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். தாயின் கொப்பியில் நிறையும் அமுக்கமும் எழுதுகிறோம். வீட்டில் கைகொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதினால், யாருமில்லாதவளின் வீட்டுக்கு மிஸ் முதலில் போவாள்.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மூத்தவனுக்கு மாதம் விளங்காது, "வாப்பா நெல் காய வெச்சு முடிய பாப்பா வரும்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். வயிற்றில் கையை வைத்து "பாப்பா" என்பான், பிறகு தன் வயிற்றையும் தொட்டு "பாப்பா" என்பான். தொட்டிலிலிருந்து பாய்க்கு மாற்றுவதை இப்போதே செய்துவிட்டோம். சிறுநீர் பழக்குவதைத் தள்ளி வைத்திருக்கிறோம். பிள்ளை வந்த முதல் கிழமைகளில் பழகிய பிள்ளையே பாயை நனைக்கும், அதற்கு அடிப்பது பாவம். ஆஸ்பத்திரி வாட்டுக்குள் இவனை விடமாட்டார்கள். ஆகவே மகள் போகிற அன்று ஒளிந்து போகாமல், முத்தம் கொடுத்து, சொல்லிவிட்டுப் போவாள். அழுவான், அழட்டும். பின்கதவால் நழுவிப் போனால் அடுத்த முறை அவள் கிணற்றடிக்குப் போனாலும் நம்பமாட்டான். இரவில் வாப்பா பக்கத்தில் படுப்பார், நான் காலடியில் படுப்பேன்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பிஸ்கட் பெட்டியை மூத்தவனின் கையில் கொடுங்கள். முதலில் அவனோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தொட்டிலைப் பாருங்கள். "உம்மா இனி ஒனக்கில்லடா, தம்பிக்குத்தான்" என்று மட்டும் விளையாட்டுக்கும் சொல்லிவிடாதீர்கள்.