மெட்ரிகுலேஷன் பேச்சு ஏன் சண்டையில் முடிகிறது?

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் போதும், கோயில் மண்டபத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் மெட்ரிகுலேஷன் பேச்சு சூடாகிறது. பத்தே நிமிடத்தில் அது இன வசையாகவும் மாறிவிடுகிறது. மூன்று விவகாரங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே காரணம்.

பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு அரசாங்கக் கொள்கை. கேள்வியை அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய் மாணவர் அதை வகுக்கவில்லை.

10ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன பேதமின்றி இடம் என்று 2024-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தது வேறு விவகாரம். 2025-இல் அந்தக் கணக்கில் ஏ மைனஸ் சேராது என்று தெரிந்ததும் கொதிப்பு எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், அது ஒதுக்கீட்டைப் பற்றிய கோபம் அல்ல.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டியூஷனுக்கு வழியில்லாமல் 6ஏ எடுத்த தோட்டப்புறப் பிள்ளைக்கு 10ஏ அறிவிப்பால் பயனில்லை. “ஒழுங்காகப் படிக்கவில்லை” என்று அந்தப் பிள்ளையை ஏசுவது பெரும்பாலும் நம்மவர்களே.

இன்று பேசுவது இந்த மூன்றில் எது என்பதைத் தலைவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் கூச்சல் அடங்கும். மிஞ்சும் நேரத்தில் மேல்முறையீட்டைப் பற்றியும் மூன்று தவணை எஸ்.டி.பி.எம். படிப்பைப் பற்றியும் பெற்றோருக்கு விளக்கலாம்.