காலி பாட்டில்ல ஒரு ராக்கெட்!

காலியான ஷாம்பு பாட்டிலைத் தூக்கிப் போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள பழைய காலத்து ராக்கெட் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு!

1965-ல் பிரிட்டன் டி.வி-யில் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரில், ராக்கெட் நிற்கும் கூடத்தின் சுவரில் இயந்திர பாகம்போல ஒட்டப்பட்டிருந்தது, எலுமிச்சம்பழம் பிழியும் கருவி! 1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்களின் மேலே இருப்பதும் கடையில் விற்ற டாங்கி, விமான மாடல் கிட்களின் துண்டுகள்தான்.

முதலில் பாட்டிலின் அடியைப் பாருங்க. முக்கோணத்துக்குள் 1 இருந்தால் நல்லது. 2 என்றால் பசை சரியா பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவி, லேபிளை உரிச்சு, உப்புத்தாளால் தேய்ச்சுடுங்க. கெட்டி அட்டையில் மூணு இறக்கை, டூத்பேஸ்ட் மூடியில் இன்ஜின், காலி மாத்திரை அட்டை, பேனா மூடி, உடைந்த ரிமோட்டின் பட்டன்கள்... எல்லாத்தையும் எபாக்ஸி பசையால் ஒட்டி ஒருநாள் விட்டுடுங்க.

பலரும் கோட்டை விடுறது பெயின்ட்டில்தான். வழவழப்பான பிளாஸ்டிக்கில் நேரடியா அடிச்சா உரிஞ்சு வந்துடும். முதலில் பிரைமர், அது காய்ந்ததும் வெள்ளி நிறம். மொத்தத்துக்கும் ஒரே நிறம், அதுதான் சூட்சுமம். மூடி, பட்டன் எல்லாம் மறைஞ்சு, ஒரே உலோகமா தெரியும். தெர்மாகோல் வெச்சிருந்தா ஸ்ப்ரே வேண்டாம்; கரைஞ்சிடும்.

பிளேடும் ஸ்ப்ரேயும் பெரியவங்க கையில், ஜன்னலைத் திறந்துவெச்சு. என்ன ஒட்டணும்ங்கிறதை மட்டும் குழந்தைகள்கிட்ட விட்டுடுங்க. அப்புறம் குப்பைக்கூடையை அவங்களே காவல் காப்பாங்க!