பால் வற்றிய மரமும் சக்கரம் சுற்றிய எலியும்

மலேசிய சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. தலைக்கணக்கில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். 2019இல் அது 2.3 விழுக்காடு. ‘இரண்டு மடங்கு’ என்று தலைப்பு எழுத இது போதும். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகக் கையாளும் கேள்வித்தாளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெட்டதா, உடம்பு அசந்ததா, பசி குறைந்ததா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10ஐத் தொட்டால் சந்தேகம். அந்தக் கேள்வித்தாள் உருவாகப் பணம் கொடுத்தது ஃபைசர் நிறுவனம். மனச்சோர்வுக்கு மாத்திரை விற்றதும் அதே நிறுவனம்தான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுகிற எந்தத் தோட்டத் தொழிலாளியும் தூக்கத்திலும் அசதியிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். போதாததற்குச் சொல் குழப்பம் வேறு: தலையில் ஏறும் சுமையையும், அந்தச் சுமையால் ஆள் படுத்துவிடுவதையும் ‘மன அழுத்தம்’ என்றே நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி.

வரலாற்றைச் சுருக்கிவிடலாம். கிரேக்க மருத்துவர்கள் கரும்பித்தம் மிகுந்தால் துயரம் என்றார்கள். மெலன்கோலியா என்ற சொல்லுக்கே கரும்பித்தம் என்றுதான் பொருள். நம்மவர்களும் பித்தத்தைத்தான் பிடித்தார்கள். ‘பித்துப் பிடித்தவன்’ என்று இன்றும் சொல்கிறோம். அகத்திணைப் புலவர்கள் பாடிய பிரிவுப் பசலை அழகானது, ஆனால் தலைவன் வீடு திரும்பினால் போய்விடும். மனச்சோர்வுக்கு அந்த மரியாதை தெரியாது. 1911இல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை திறந்தது. அந்த ஊரின் பெயர் இன்றுவரை ஏச்சுச்சொல்லாகப் புழங்குகிறது. பிறகு பித்தம் போய் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வந்தது. அங்கே மிகுதி, இங்கே குறைவு. பானை மட்டும் அதே பானை.

இந்தக் குறைவுக் கதைக்கு விதை போட்டதில் இந்தியச் செடி ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. இரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்துபோனார்கள். அது மூளையில் செரோட்டோனினை வற்றச் செய்வதும் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. ஆனால் 1955இலேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இரு மருத்துவர்கள் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்பினைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். முடிச்சை அவிழ்க்கும் முடிவு என்பதால் அதை அதிகம் பேர் எடுத்துப் பார்க்கவில்லை. 2022இல் மனநல மருத்துவர் ஜோஆனா மொன்கிரீஃப் குழுவினர் அதுவரை வந்த சான்றுகளைத் தொகுத்து, குறைவுக் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். வாழைப்பழம் தின்றால் செரோட்டோனின் கூடும் என்ற வாட்ஸ்ஆப் வைத்தியம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. பழத்தில் அது இருப்பது மெய். இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது. மாத்திரை கேட்கிறதே என்றால், கேட்கத்தான் செய்கிறது: 2018இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு 522 சோதனைகளை அலசி, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட ஓரளவு மேல் என்று காட்டியது. எனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். கோடாலித் தைலம் தடவினால் தலைவலி குறைகிறது. அதற்காகத் தலைவலியைத் தைலக் குறைபாடு என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

என்னை மயக்கும் சோதனை வேறு. இரண்டு எலிகளின் வாலில் ஒரே நேரத்தில், ஒரே அளவு மின்னதிர்ச்சி. முதல் எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம். அதைச் சுற்றினால் இரண்டு எலிகளுக்குமே அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலி என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது. பட்ட வலி இரண்டுக்கும் சமம். ஆனால் பிறகு தப்பிக்க வழி திறந்திருக்கும் கூண்டில் விட்டால், முதலாவது ஓடித் தப்பும். இரண்டாவது முடங்கிக் கிடக்கும். 1967இல் நாய்களிடம் இதைக் கண்ட உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும், ‘நம்மால் ஆவது ஒன்றுமில்லை’ என்று அந்தப் பிராணி கற்றுக்கொண்டது என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், நாங்கள் சொன்னது தலைகீழ் என்று அவர்களே எழுதினார்கள். நீண்ட துன்பம் வந்தால் முடங்குவதுதான் மூளையின் பிறவிக் குணம். அதை யாரும் கற்க வேண்டியதில்லை. மூளைத்தண்டில் செரோட்டோனின் சுரக்கும் ஒரு நரம்பணுக் கூட்டம் பொங்கி வழிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. (குறைவு அல்ல, பொங்கல்!) கற்க வேண்டியது கட்டுப்பாட்டைத்தான். சக்கரத்தைச் சுற்றியதும் துன்பம் நிற்பதை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி கண்டுகொண்டு, கீழே கடிவாளத்தை இழுக்கிறது. அந்தப் பகுதியை மருந்தால் மரத்துப்போகச் செய்தார்கள். எலி சக்கரத்தை முன்போலவே நன்றாகச் சுற்றியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனாலும் பின்னால் முடங்கிப்போனது. கை செய்ததை மூளை தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

நெகிரி செம்பிலானின் சுவா, லுக்குட் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல ரப்பர் பால்மரம் போதும். அளவுக்கு மீறி வெட்டிய மரத்தில் திடீரென்று பால் நின்றுபோகும். இலை பச்சை, தண்டு தடிமன், பட்டையில் கோடு போட்டால் மரத்தில் கட்டிய மங்குக்குள் ஒரு சொட்டு விழாது. மண்ணில் சத்தில்லை என்று உரம் போட்டுப் பயனில்லை. பால்குழாய்க்குள்ளேயே பால் உறைந்துவிட்டது. மரம் சோம்பேறி என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஏசலாம், தோட்டக் கிராணி கணக்கில் கழிக்கலாம், மரத்துக்கு வேண்டியது ஓய்வு. மரத்துக்கு முன்மூளை இல்லை என்பதால் உவமையை இத்தோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் மரத்தைவிட வெட்டியவரின் கதைதான் எலிக்கு நெருக்கம். அக்காலத்தில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை நடுவதோ, நிலத்தை வீடமைப்புக்கு விற்பதோ எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகும். உழைப்பு கடினம்தான், ஆனால் கடினத்தைச் சக்கரம் வைத்திருந்த எலியும் பட்டது. தோட்டத்தில் இல்லாதது சக்கரம்.

எலி மனிதன் ஆகுமா என்பது நியாயமான கேள்வி. ஆகாது, குற்ற உணர்வையும் வாழ்வில் பற்றறுவதையும் எலியிடம் அளக்க முடியாது. ஆனால் லண்டனில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் குழுவினர் பெண்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, வெறும் இழப்பைவிட அவமானமும் தப்ப வழியில்லாத நிலையும் சேர்ந்த இழப்புதான் அதிகமாகச் சோர்வில் தள்ளுகிறது என்று 1995இல் காட்டினார்கள். இரண்டாவது மறுப்பு கனமானது: தோட்டத்தில் எல்லாரும் படுத்துவிடவில்லையே, பங்களாவில் இருப்பவருக்கும் வருகிறதே? உண்மை. பரம்பரைக்குப் பங்கு உண்டு; காரணமே தெரியாமல் வருவதும் உண்டு. படுக்காதவர்களைப் பற்றி எலிகளே ஒன்று சொல்கின்றன: முன்பு ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிப் பழகிய எலி, பின்னால் சக்கரமே இல்லாத துன்பத்திலும் முடங்குவதில்லை. வேலிக்குள் சொந்தமாகக் கத்தரி போட்டவர், கூட்டுச் சீட்டுப் பிடித்தவர், கோயில் திருவிழாவுக்கு வரி வசூலித்தவர் ஆகியோரின் கையில் தோட்டத் துரை கொடுக்காத சக்கரம் ஒன்று இருந்தது. இது சான்று அல்ல, என் ஊகம்.

கையில் சக்கரம் கொடுத்தால் பயன் உண்டு என்பதற்கு நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு கொண்டவர்களிடம் ஆறு முதல் எட்டு முறை அனுப்பினார்கள். மனத்தைத் துருவவில்லை, விட்டுப்போன சிறு வேலைகளில் எதை, எப்போது மறுபடி செய்வது என்று அவர்களோடு உட்கார்ந்து திட்டமிட்டார்கள். 2017இல் லான்செட்டில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் இந்த உதவி பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. மூன்றில் ஒருவருக்கு மேல் தேறவில்லை என்பதையும் அதே மையில் எழுத வேண்டும். முதலில் பார்த்த கேள்வித்தாளின் ஒன்பது கேள்விகளில் உன் நாளை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வி இல்லை. பால்மர உவமைக்கும் ஆயுள் குறைவு. செம்பனைக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு மங்கு என்றால் சாப்பிடுகிற மங்குதான்.