ஏறி இறங்கும் கூரை: வைக்கோல் போர் மழைக்காலத்தைத் தாண்டுவது எப்படி?

பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசை, நேமம் பக்கமும், ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம், திருநின்றவூர் பக்கமும் இன்னும் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு மாடு இருக்கிறது. இரண்டு கறவை, ஒரு கன்று, பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய் போர்த்திய வைக்கோல். மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்ட பிறகு இந்த மாடுகளுக்கு வைக்கோல்தான் வயிற்றுப்பாடு. சொர்ணவாரி அறுவடை முடிந்ததும் திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி இறக்குகிறார்கள். அடுத்த புது வைக்கோல் தை மாதச் சம்பா அறுவடைக்குத்தான். நடுவில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அந்த வைக்கோல் வெட்டவெளியில் தாங்கியாக வேண்டும்.

பெரும்பாலும் தாங்குவதில்லை. அடிக்கட்டுகள் அழுகிக் கறுக்கின்றன, மேல்கட்டுகள் பூசணம் பிடித்து வெளுக்கின்றன. நடுவில் இருப்பதுதான் மாட்டுக்குப் போகிறது. பழியை மழைமேல் போடுகிறோம். ஆனால் கெடுக்கும் ஈரம் மூன்று வழியில் வருகிறது: தரையிலிருந்து ஏறுகிறது, வைக்கோலின் உள்ளிருந்தே கிளம்புகிறது, கடைசியாக மேலிருந்து விழுகிறது. இந்த மூன்றுக்கும் வழி சொல்கிற எளிய கருவி ஒன்று உண்டு. நான்கு கால், தரையிலிருந்து உயர்ந்த பரண், அதன்மேல் தேவைக்கு ஏற்றவும் இறக்கவும் முடிகிற கூரை. அவ்வளவுதான்.

இட்லிப் பானையைத் திறந்து பாருங்கள்

அடியில் தண்ணீர். அதற்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் தட்டு. அந்த இடைவெளி இல்லையென்றால் அடித்தட்டு இட்லி ஊறிக் கூழாகிவிடும். தட்டில் துளைகள் இருக்கின்றன, ஆவி அவற்றின் வழியே மேலே ஏறுகிறது. அடுக்கடுக்காகத் தட்டு வைக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வராதபடி சற்றுத் திருப்பி வைக்கிறோம். எல்லா அடுக்குக்கும் ஆவி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. உச்சியில் குவிந்த மூடி. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகும்போது, அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வழிந்து கீழே போய்விடுகிறது. மூடி கிடைக்கவில்லை என்று தட்டையான தாம்பாளத்தைப் போட்டு மூடினால், சொட்டுச் சொட்டாக விழுந்து மேல்தட்டு இட்லி நீர்கோத்துப் போகும்.

வைக்கோல் சட்டகத்திலும் கால், துளை, மூடி என்கிற இதே மூன்று உறுப்புகள்தான். வேலை மட்டும் நேர்மாறு. பானை ஆவியை உள்ளே நிறுத்தி வேகவைக்கிறது. சட்டகம் ஆவியை வெளியே அனுப்பி வேகாமல் காக்கிறது.

கால்: தரை ஈரத்திலிருந்து விலகல்

மழை பெய்த மண்ணில் நேராக வைத்த கட்டு, தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வைக்கோல் தண்டு உள்ளே வெறும் குழல், ஈரம் அதில் சுலபமாக ஏறும். தார்ப்பாயைக் கீழே விரித்தாலும் பயனில்லை. மேலிருந்து இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அதிலேயே தேங்கும். அடியில் காற்று ஓட வேண்டும், அதுதான் மருந்து.

இதை நம் ஊரில் பெரிய அளவில் செய்து காட்டியது தானியக் கிடங்கு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ஆவடியில் அதன் கிடங்கு இன்றும் இருக்கிறது. கிடங்குக் கட்டடம் போதாத இடங்களில் மூட்டைகளைத் திறந்தவெளியில் அட்டி போட அந்தக் கழகம் பின்பற்றிவந்த முறையில், முதலில் 14 அங்குல உயரத்துக்கு மேடை. மேடைமேல் மரச்சட்டங்கள், சட்டங்களின்மேல் மூட்டைகள். அட்டிமேல் 250 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் உறை. ஒரு அட்டி சுமார் 150 டன், அதாவது 50 கிலோ மூட்டை 3,000. அத்தனை எடைக்கும் கீழே காற்று போக வழி விட்டிருக்கிறார்கள்.

மாட்டுக் கொட்டகைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லோ கருங்கல்லோ வைத்து, அதன்மேல் சவுக்குக் கட்டைகளை அரை அடி இடைவெளியில் பரப்பினால் போதும். உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தாழ்வான மனைகளில் பரண் இரண்டடிக்குக் குறையக் கூடாது.

துளை: உள்ளே கிளம்பும் சூடு

பலரும் கவனிக்காத இடம் இதுதான். நன்றாகக் காயாத வைக்கோல் போரில் சும்மா இருப்பதில்லை. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகும், அவை மூச்சுவிடும்போது சூடும் நீராவியும் வரும். சூடு 45, 50 டிகிரி வரை ஏறினால் ஒருவகைக் கிருமிகள் ஓய்ந்துபோய், வெப்பத்தில் வாழும் வேறொரு வகை வேலையை எடுத்துக்கொண்டு 70 டிகிரி வரை கொண்டுபோகும். அதற்கும் மேல் உயிரே தேவையில்லை, வேதிவினையே சூட்டை வளர்க்கும். பச்சைப்புல்லை உலர்த்திப் போர் போடும் நாடுகளில் இப்படித்தான் நெருப்பு வைக்காமலே போர் பற்றி எரிகிறது. நெல் வைக்கோலில் சர்க்கரைச் சத்து குறைவு என்பதால் அந்த அபாயம் குறைவு. ஆனால் பூசணத்துக்கு அந்தக் கதகதப்பே போதும்.

பூசணம் வைக்கோலோடு நிற்பதில்லை. தீவனத்தில் சிலவகைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை மாடு தின்றால், அதன் இன்னொரு வடிவம் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் இந்த நஞ்சு அதிகம் காணப்பட்ட மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று, மற்றவை டெல்லியும் கேரளமும். பிண்ணாக்கும் மக்காச்சோளமும்தான் இதில் முதல் குற்றவாளிகள் என்றாலும், பூசணம் பிடித்த வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு மாட்டுக்கு வைப்பதை இனி யாரும் செய்யக் கூடாது. அந்தப் பால் நம் குழந்தைகள் குடிக்கும் பால்.

போர் உள்ளே சூடாகிறதா என்று அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. இரும்புக் கம்பி ஒன்றைப் போரின் நடுவயிறு வரை குத்தி அரைமணி நேரம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடிந்தால் கவலையில்லை. பிடித்த கை தானாக விலகினால், அல்லது கம்பியோடு புகையிலை வாடை வந்தால், அன்றைக்கே போரைப் பிரித்துக் காயவைக்க வேண்டும்.

சூடு சேராமல் இருக்க அடுக்கும் முறைதான் துளை. இப்போது வயலில் இயந்திரம் உருட்டித் தருவது உருளைக் கட்டு. சுமார் மூன்றடி நீளம், இரண்டடி தடிமன், 16 அல்லது 17 கிலோ. எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கினால் மேல்கட்டு இரண்டு கீழ்க்கட்டுகளின் நடுவில் போய் உட்கார்ந்து இடைவெளியை அடைத்துவிடும். ஒரு அடுக்கு நெடுக்கு, அடுத்த அடுக்கு குறுக்கு என்று மாற்றி வையுங்கள். அப்போது ஒவ்வொரு அடுக்கிலும் காற்று போகும் சந்து பிழைத்திருக்கும்.

மூடி: ஏன் ஏறி இறங்க வேண்டும்?

தார்ப்பாயை வைக்கோலோடு ஒட்டிப் போர்த்துவது, பானைமேல் தாம்பாளத்தைக் கவிழ்ப்பது போலத்தான். பகலில் கிளம்பிய ஆவி இரவில் தார்ப்பாயின் உட்புறத்தில் குளிர்ந்து அங்கேயே சொட்டுகிறது. மேல்கட்டு வெளுப்பது மழையால் அல்ல, இதனால்தான். ஆகவே கூரைக்கும் வைக்கோலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், கூரை சரிவாகவும் இருக்க வேண்டும்.

எவ்வளவு இடைவெளி? இதற்கு ஒரு கணக்கு உண்டு. கூரை போரைத் தாண்டி ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, வெளியே நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு 45 பாகைச் சாய்வில் மழை அடிக்கும்போது, கூரை விளிம்பைத் தொட்டு வரும் துளி ஒரு முழம் உள்ளே வருவதற்குள் ஒரு முழம் கீழே இறங்கிவிடும். விளிம்புக்கும் போரின் தலைக்கும் ஒரு முழமே இடைவெளி என்றால் அந்தத் துளி போரின் மேல் ஓரத்தைத்தான் தொடும். தலை நனையாது.

மாடு தின்னத் தின்ன ஒரு அடுக்கு குறைந்துவிட்டது. இடைவெளி இப்போது மூன்றரை அடி. அதே மழை போரின் தலைமேல் இரண்டடி உள்ளே வந்து விழுகிறது. நிலையான கூரைக் கொட்டகையில் மார்கழி மாத வைக்கோல் நனைவது இதனால்தான். போர் இறங்கும்போது கூரையும் கூடவே இறங்க வேண்டும்.

நெதர்லாந்துக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். 'ஹோய்பெர்க்' என்று அங்கே அழைக்கப்படும் புல் போரில், நட்ட மரத்தூண்களில் வரிசையாகத் துளை இருக்கும். துளையில் செருகிய முளைமேல் கூரை உட்காரும். முளையை மாற்றிச் செருகிக் கூரையை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். நம் திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இருந்த அதே 17-ம் நூற்றாண்டில், அவர்களுடைய குடியேறிகள் இந்தக் கூரையை அமெரிக்காவின் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் கொண்டுபோனார்கள்.

இரண்டு மாட்டுக்கு ஒரு சட்டகம்

ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்றால் இரண்டுக்கும் 10 கிலோ. 100 நாளுக்கு 1,000 கிலோ, ஏறக்குறைய 60 கட்டு. பரண் ஒன்பதடிக்கு ஒன்பதடி சதுரம். ஒரு பக்கம் நீளவாக்கில் 3 கட்டு, மறுபக்கம் 4 கட்டு, ஆக ஒரு அடுக்கில் 12. நாலு கட்டும் எட்டடி போக மீதி ஓரடியைக் கட்டுகளுக்கு இடையே நாலு நாலு அங்குலமாகப் பங்கிட்டுவிடலாம், அதுதான் காற்றுச் சந்து. ஐந்து அடுக்கு போட்டால் பத்தடி உயரம். ஒரு அடுக்கு ஏறத்தாழ 20 நாளுக்கு வரும்.

காலுக்கு, கடையில் கிடைக்கிற 6 மீட்டர் இரும்புக் குழாய் போதும். மூன்றடி மண்ணுக்குள் போட்டு கான்கிரீட் இட்டாலும் பரண், போர், இடைவெளி எல்லாவற்றுக்கும் உயரம் மிஞ்சும். குழாயில் அடிக்கு ஒரு துளை. கூரையின் நான்கு மூலையிலும் சற்றே அகலமான ஒரு குழாய்த் துண்டு, காலின்மேல் வழுக்கி ஏறி இறங்கும்படி. உருளைக் கட்டு சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் குறுக்குக் கம்பிகள் வேண்டும். அவற்றையும் அதே துளைகளில் போல்ட்டால் மாட்டுங்கள், பற்றவைக்காதீர்கள். அடுக்கு குறைந்ததும் கம்பியைக் கழற்றினால்தான் கூரை இறங்க வழி கிடைக்கும்.

20 நாளுக்கு ஒருமுறை கூரை இரண்டு துளை இறங்க வேண்டும். மெல்லிய தகடு போட்ட கூரை ஒன்றரைக் குவிண்டால் இருக்கும், ஒரு மூலைக்கு 40 கிலோவுக்குள். மூலைக்கு முட்டுக் கொடுத்து, முளையை உருவி, ஒரு துளை மட்டும் இறக்குங்கள். பிறகு அடுத்த மூலை. ஒரே மூலையை இரண்டு துளை இறக்கினால் கூரை சாய்ந்து குழாய்த் துண்டு காலில் இறுகிக்கொள்ளும், அப்புறம் சம்மட்டியாலும் அசையாது. காலுக்கும் துண்டுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

முளையைத் துண்டுக்குக் கீழே மட்டும் போட்டால் போதாது, மேலேயும் ஒன்று போட வேண்டும். கீழ்முளை கூரை விழாமல் காக்கும், மேல்முளை கூரை பறக்காமல் காக்கும். 2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நமக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் கூரையைப் போரின் தலையைத் தொடும்வரை இறக்கிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். ஓரிரு நாள் ஆவி சேர்ந்தால் பரவாயில்லை, புயல் போனதும் மறுபடி ஏற்றலாம்.

நெல் மூட்டைக்கும் இதே நியாயம்

நெல்லில் காற்றோட்டம் இன்னும் கஷ்டம், மூட்டைக்குள் மணிகள் நெருக்கமாக இருப்பதால். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரம் வரை எடுக்கிறார்கள். மழையில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்பதும் வழக்கம். அந்த நெல்லைப் பாலித்தீனால் மூடியே வைத்திருந்தால் உள்ளேயே வேகும். அதனால்தான் திறந்தவெளி அட்டியில் வெயில் அடிக்கும் நேரம் உறையைத் தூக்கிவிட்டு, மாலையில் மூட வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படும் வேலையும் அதுதான். உறையை அட்டியின்மேல் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்க உயரம் மாற்றக்கூடிய ஒரு சட்டகம் இருந்தால், மறந்துபோன நாளிலும் நெல் மூச்சுவிடும்.

எதை முதலில் செய்வது?

துளையிட்ட குழாய், முளை, தகடு. இதில் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குத் தெரியாத வேலை எதுவும் இல்லை. கார் உதிரிபாகம் செய்து தருகிற ஊர் அது. தீவனம் நறுக்கும் கருவிக்கு மானியம் கொடுக்கிற கால்நடைத் துறை, நறுக்கப் போகிற தீவனம் கெடாமல் இருக்கவும் ஒரு மானியம் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும்.

அதுவரை கையில் இருக்கிற காசுக்கு ஏற்றபடி வரிசையாகச் செய்யுங்கள். இந்த ஆண்டு பரண் மட்டும்: கல்லும் சவுக்கும் போதும், அழுகும் அடிக்கட்டுகள் உடனே பிழைக்கும். கட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்குவதற்குச் செலவே இல்லை. தார்ப்பாயையும் வீச வேண்டாம். நடுவில் ஒரு மூங்கிலைக் கிடையாகக் கட்டி அதன்மேல் சரிவாகப் போட்டு, வைக்கோலிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள், போர் இறங்கும்போது மூங்கிலையும் இறக்கிக் கட்டுங்கள். இரும்புக் கூரையை அடுத்த சொர்ணவாரிக்குள் செய்துகொள்ளலாம்.