பொருள்மயக்கம்



‘மயக்கம்’ என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வெயிலில் நெடுநேரம் நின்றவர் தலைசுற்றிச் சாய்வதேயாகும். ஆனால் மயங்குதல் என்னும் சொல்லுக்குக் கலத்தல் என்ற பொருளும் உண்டு. பகலும் இரவும் கலக்கும் பொழுதை ‘அந்தி மயங்கும் வேளை’ என்கிறோம். சொல்லில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துக் கூடி வருவதை இலக்கணம் ‘மெய்ம்மயக்கம்’ என்கிறது. அவ்வாறே, ஒரு சொல்லிலோ தொடரிலோ இரண்டு பொருள்கள் கலந்து நின்று, எது கருதப்பட்டது என்று விளங்காமற் போவது பொருள்மயக்கம் எனப்படும்.

பொருள்மயக்கமும் ஐயமும் ஒன்றல்ல. ஐயம் கேட்பவர் மனத்தில் எழுவது. பொருள்மயக்கம் சொல்பவர் சொல்லிலேயே கிடப்பது. முன்னது விளைவு, பின்னது காரணம்.

நம் முன்னோர் இதனை நன்கு ஆராய்ந்துள்ளனர். ‘மா’ என்னும் சொல் மாமரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் மரம் என்று அறிகிறோம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு என்று அறிகிறோம். ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் வீழும், விலங்கும் வீழும். இவ்வாறு வினைச்சொல்லால் பொருள் தெளியாத இடத்தில், கருதிய பொருளை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. ‘மாமரம் வீழ்ந்தது’ என்றால் மயக்கம் தீர்ந்தது.

சொல் மட்டுமன்றித் தொடரும் மயங்கும். ‘புலி கொல் யானை’ என்பது இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கொன்றது புலியா, யானையா? ‘புலியைக் கொன்ற யானை’ என்றோ ‘புலியால் கொல்லப்பட்ட யானை’ என்றோ வேற்றுமை உருபை விரித்துச் சொன்னால் குழப்பம் இல்லை. உருபு சிறியதுதான்; ஆயினும் அது மறைந்தால் கொன்றது எது, இறந்தது எது என்பதே தெரியாமற் போகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கலாகாத குற்றங்கள் 10 என்று வகுத்து, அவற்றுள் ‘மயங்க வைத்தல்’ என்பதையும் ஒன்றாக வைத்துள்ளது.

அப்படியானால் சிலேடை குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அன்று. காளமேகப் புலவர் ஒரே பாட்டில் பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடினார். அவர் இரண்டு பொருளையும் அறிந்தே அமைத்தார். கேட்பவரும் இரண்டையும் கண்டு மகிழ்கின்றனர். இதற்கு இரட்டுற மொழிதல் என்று பெயர். அறிந்து செய்தால் அணி. அறியாமல் செய்தால் பிழை.

இப்பிழை ஏட்டோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வருகிறது. வேலைக்குப் புறப்படும் தாய், “பாட்டிக்குக் காலை மாலை இரண்டு மாத்திரை கொடு” என்று மகனிடம் சொல்கிறாள். நாள் முழுவதற்கும் இரண்டா? வேளைக்கு இரண்டா? தவறாகக் கொண்டால், ஒன்று மருந்து போதாமற்போகும். இன்றேல் அளவை மீறிவிடும். இதற்குத் தமிழிலேயே எளிய வழி உண்டு. ‘காலை மாலை ஒவ்வொன்று’ என்றோ ‘காலை மாலை இரண்டிரண்டு’ என்றோ சொல்லிவிட்டால் போதும்.

மற்றொன்று. வெளியூரில் இருக்கும் பேரன், “அண்ணன் மாமாவைப் பார்க்கப் போனார். அவருக்கு உடல்நலம் இல்லை” என்று எழுதுகிறான். படிக்கக் கேட்ட பாட்டி, நலமில்லாதவன் மகனா, பேரனா என்று தெரியாமல் இரவெல்லாம் கலங்குகிறாள். ‘அவருக்கு’ என்பதை மாற்றி ‘மாமாவுக்கு’ என்று எழுதியிருந்தால், அவள் இருவருக்காகவும் அழுதிருக்கமாட்டாள். கைப்பேசியில் விரைந்து அனுப்பும் செய்திக்கும் இது பொருந்தும்.

எனவே மாணவர்களே, எழுதி முடித்ததும் உங்கள் எழுத்தை, உங்கள் மனத்தை அறியாத ஒருவராக நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘அவர்’ யார், ‘அது’ எது, எண்ணிக்கை எதற்கு என்று உங்களையே கேளுங்கள்.

பெரியோர்களே, அறிவிப்பையோ ஒப்பந்தத்தையோ பிறர் படித்துச் சொல்லும்போது பொருள் இரண்டாகத் தோன்றினால், “இதில் எது?” என்று கேட்கத் தயங்காதீர்கள். தெளியாமல் கையொப்பம் இடாதீர்கள். கேட்பது அறியாமை அன்று. மயக்கம் சொல்லில் இருக்கும்போது, கேட்டுத் தெளிபவரே அறிவுடையவர்.