சம்பளம் கம்மி, ஆனா நல்லது செய்யற வேலை: மாறலாமா?

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அக்கவுண்ட்ஸ் வேலை, மாசம் 60,000 வருது. ஆனா என் வேலையால யாருக்கும் நல்லது நடக்கற மாதிரி தெரியல. ஒரு தொண்டு நிறுவனத்துல 38,000க்கு கூப்பிடறாங்க. போகட்டுமா?"

வித்தியாசம் மாசம் 22,000, வருஷத்துக்கு 2,64,000 ரூபாய். முதல்ல இதைக் கேளுங்க: நீங்க போகலைன்னா அந்த சீட்டுக்கு யார் வருவாங்க? உங்க அளவுக்குத் தெரிஞ்ச பத்து பேர் வரிசையில நின்னா, நீங்க போறதால பெரிய மாற்றம் இல்ல. இங்கயே இருந்து மாசம் 10,000 நன்கொடை கொடுக்கறது அவங்களுக்கு அதிகமா உதவலாம். (நன்கொடைக்கான வரிச்சலுகை பழைய வரி முறையில மட்டும்தான். 2,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுவும் கிடையாது.) ஆள் கிடைக்காம திண்டாடறாங்கன்னா கதையே வேற.

நல்ல வேலைன்னா தொண்டு நிறுவனம் மட்டும்தான்னும் நினைக்காதீங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகலன்னு, 1992ல ஆரோலேப் தொடங்கி இங்கயே குறைஞ்ச விலையில தயாரிச்சாங்க. அங்க பர்ச்சேஸ் பார்க்கறவர் டாக்டர் இல்ல. ஆனா பார்வை திரும்பினதுல அவருக்கும் பங்கு இருக்கு.

என் கதை நேர் எதிர். ஒரு வங்கியில இருந்தப்போ, எஃப்டி போட வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு இன்சூரன்ஸ் பாலிசியைத் தலையில கட்டினேன். இன்சென்டிவ் வந்துச்சு. ரெண்டாவது வருஷ பிரீமியம் கட்ட முடியாம அவர் வந்து நின்னது இன்னும் மறக்கல. அதே மாசம் நாங்க எல்லாரும் சிஎஸ்ஆர்ல மரம் நட்டு போட்டோ எடுத்துக்கிட்டோம்! கம்பெனிச் சட்டம் 2013 பெரிய கம்பெனிகளைக் கேட்கறது, மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2% தான். இன்டர்வியூ போகும்போது மீதி 98% எப்படி வருதுன்னு பாருங்க.

மாறறதா முடிவு பண்ணிட்டா, ஆறு மாச செலவுக்குப் பணம் கையில இருக்கணும். கம்பெனி மெடிக்கல் கவர் வேலையோட போயிடும், அதனால சொந்த பாலிசி எடுத்துடுங்க. பிஎஃப் உண்டா, உங்க சம்பளம் எந்த நிதியிலேருந்து, எத்தனை வருஷத்துக்குன்னு கூச்சப்படாம கேளுங்க. வெளிநாட்டு நன்கொடையில நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020ல 50%லேருந்து 20% ஆக்கிட்டாங்க. அக்கவுண்ட்ஸ் மாதிரி ஆபீஸ் வேலைக்கான சம்பளம் அதுக்குள்ளதான் வரும்.

அந்தத் தம்பிக்கு பர்சனல் லோன் இன்னும் 14 மாசம் பாக்கி. அதுவரைக்கும் சனிக்கிழமை மட்டும் போய் அவங்க கணக்கைப் பார்த்துக் கொடுங்கன்னு சொன்னேன். இந்த சனிக்கிழமை முதல் தடவையா போறார்.